பீட்ரூட் கறையும் ஞாயிறு பத்து மணியும்

வாழ்க ஹெட்விக்! பனி கவிந்த கூரைகளும் செங்காவி பூசிய மரச்சுவர்களும் செறிந்த ஃபாலூன் மாநகரின் வடபுறத்தே, நாற்பது வீடுகள் அடுக்கிய பழுப்புநிறக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், பிறர் பெயரிலுள்ள வீட்டில் பிறர் மெத்தையில் உறங்கும் இரவற்குடி ஹெட்விக் வாழ்க! லாரி ஓட்டியவனின் மகளாய்ப் பிறந்து, பள்ளிச் சமையற்கூடத்தில் தட்டுக் கழுவியவளின் மடியில் வளர்ந்து, தன் குலத்தில் எவர் காலும் படாத உப்சாலாப் பல்கலைக்கழகத்துப் படிகளை மிதித்தேறி, பட்டம் பெற்று, பெற்ற பட்டத்தால் யாதொரு பயனும் பெறாமல், இருபத்தைந்து வயதில் எடுத்ததற்கெல்லாம் கொதித்தெழும் அந்தச் சினவேல் நங்கை நீடு வாழ்க! ஆயிரம் யானையைக் கொன்றவனுக்குப் பரணி பாடுவது நம் மரபு. ஒரு சட்டையைத் துவைத்தவளுக்கு எதைப் பாடுவது என்று மரபு சொல்லவில்லை. மரபை எழுதியவர்களின் சட்டையை எப்போதும் வேறு யாரோ துவைத்துக்கொண்டிருந்ததால் அந்தக் கேள்வியே அவர்களுக்கு எழவில்லை.

போல்ஹெம் பெருமானே, பொறிவல்லோர் கோவே, கிறிஸ்டோபர் என்னும் திருப்பெயர் பூண்டவனே, முன்னின்று காப்பாய்! சிறுவயதிலேயே தந்தையை இழந்து, பண்ணை வேலை பார்த்து, லத்தீன் படிக்க வழியில்லாமல் ஒரு பாதிரிக்குக் கடிகாரம் செய்து கொடுத்து அதற்கு ஈடாய் லத்தீன் வாங்கி, பிறர் படித்து முடித்து வெளியேறும் வயதில் உப்சாலாவுக்குள் நுழைந்து, அங்கே பேராலயத்தில் தலைமுறை தலைமுறையாய்ச் செத்துக் கிடந்த கடிகாரத்தை உயிர்ப்பித்துக் காட்டியவனே! ஃபாலூன் சுரங்கத்துப் பாதாளத்திலிருந்து செம்புத் தாதுவைத் தண்ணீரின் தோள்வலியால் மேலே ஏற்றியவனே! ஷேர்ன்சுந்த் பட்டறையில் கடிகாரமும் பூட்டும் செய்து குவித்தவனே! உன் பூட்டின் வயிற்றில் வட்டத் தகடுகள் சுழன்றன. தகட்டுக்கொரு வெட்டு. உரிய சாவி திரும்பினாலன்றி அவ்வெட்டுகள் ஒரு நேர்கோட்டுக்கு வாரா. அரசனே வந்து ஆணியால் நெம்பினாலும் வாரா. நீ மண்ணுக்குள் போய் இருநூற்றெழுபது ஆண்டுக்கு மேலாகிறது. உன் பின்வந்தோர் பூட்டின் குடலை எத்தனையோ விதமாய் மாற்றியமைத்துவிட்டார்கள். ஆயினும் உரியவர் கைக்கே திறக்கும், உரியவர் எவராயினும் திறக்கும் என்ற உன் எண்ணம் மட்டும் சாகவில்லை. அந்தப் பேரெண்ணம் இன்று எதைக் காத்து நிற்கிறது என்று கேட்பாயோ பெருமானே? ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் துணி துவைக்கும் உரிமையைக் காத்து நிற்கிறது.

அக்கட்டடத்தின் அடித்தளத்தில், வெந்நீர்க் குழாய்கள் மலைப்பாம்புகளாய்ப் புரளும் இருண்ட நடைவழியின் முடிவில் இருப்பது சலவையறை. நாற்பது வீட்டுக்கும் அதுவே பொது. அதன் வாயிலில் தொங்குவது பதிவுப்பலகை. மாதத்தின் முப்பத்தொரு நாளுக்கும் முப்பத்தொரு நிரை. நிரைக்கு நான்கு துளை. காலை ஏழு, பத்து, பகல் ஒன்று, மாலை நான்கு. வீட்டுக்கொரு சிறு பூட்டு, சுண்டுவிரல் பருமன், மேலே வீட்டெண் பொறித்தது. வேண்டிய நாளின் வேண்டிய துளையில் அதைச் செருகிச் சாவியைத் திருப்பிவிட்டால் அந்த மூன்று மணி நேரத்துக்குச் சலவையறையும் அதன் பேரியந்திரமும் உலர்த்தும் அலமாரியும் உன்னுடையவை. அமைச்சர் வந்தாலும் அசைக்க முடியாது. கைகலப்பு இல்லை, கூச்சல் இல்லை, ஒருவரோடொருவர் பேச வேண்டியதுகூட இல்லை. அம்மக்களுக்கு இதனினும் பெரிய சொர்க்கத்தை எந்தத் தேவனும் இதுவரை காட்டவில்லை.

ஹெட்விக்கின் வீட்டுக்கும் ஒரு பூட்டு உண்டு. ஆனால் வீட்டுக்கு உரியவள், பெர்னில்லா என்பவள், அதை முப்பத்தோராம் தேதி மாலை நான்கு மணித் துளையில் பூட்டிவிட்டு, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அண்டை நாடான நார்வேயின் மீன் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். அன்று முதல் அப்பூட்டு அங்கேயே தொங்குகிறது. ஆக, உலகில் எவராலும் பறிக்க முடியாத ஹெட்விக்கின் சலவையுரிமை முப்பத்தொரு நாள் கொண்ட மாதங்களின் கடைசி மாலையில் மட்டும், ஆண்டுக்கு ஏழு முறை. மற்ற நாளெல்லாம் பூட்டு மாட்டாத துளை எதுவென்று பார்த்து, ஆளில்லாத வேளை எதுவென்று பார்த்து, பிறர் விட்ட வயலில் கதிர் பொறுக்கும் குருவிபோல் அவள் துவைத்து வந்தாள்.

இனிப் பகைவனைப் பாடுவோம். ஸ்டூரே பால்ம்கிரேன், ரயில்வே சிக்னல் பொறியாளராய் நாற்பத்தோராண்டு இருந்து ஓய்ந்தவர், குடியிருப்போர் சங்கத்தின் சலவைக் குழுவுக்குத் தலைவர், அக்குழுவின் ஒரே உறுப்பினரும் அவரே. பத்தொன்பது ஆண்டுகளாய் ஞாயிறு பத்து மணித் துளையில் அவர் பூட்டு தொங்கியது. பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் இறங்கி வருவார். பூட்டைத் திறப்பார். திறந்த கையோடு அடுத்த ஞாயிற்றின் பத்து மணியில் பூட்டுவார். விதியில் இதற்குத் தடையில்லை. விதி மீறாமல் பத்தொன்பது ஆண்டு ஒரே நாற்காலியில் அமர்ந்து பிறரை நிற்கவைப்பவர்களுக்கு அந்நாட்டில் ஒழுக்கசீலர் என்று பெயர், எந்நாட்டில்தான் இல்லை? விதிகளைத் தட்டச்சு செய்து, கண்ணாடிச் சட்டமிட்டு, கீழே கையொப்பமிட்டுச் சுவரில் மாட்டியவரும் அவர்தான். பதினொரு விதிகள். நான்காவது: பதிந்தவர் தம் நேரம் தொடங்கி அரைமணிக்குள் துவைக்கத் தொடங்காவிடில் அந்நேரம் யாருக்கும் உரியது. பதினொன்றாவது: நேரம் பற்றிய எல்லா வழக்கிலும் சலவையறைக் கடிகாரமே இறுதி. முன்பொரு முறை ஒருவன் தன் கைக்கடிகாரத்தைக் காட்டி இரண்டு நிமிடத்துக்காக வாதாடியபின் சேர்த்தது அது. அந்தச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் தொடும் அதிகாரம் ஸ்டூரேயின் வலக்கைக்கு மட்டுமே.

போர் மூண்ட காரணம் கேளீர். மார்ச் இருபத்தெட்டு, சனிக்கிழமை, மாலை. திங்கள் காலை எட்டு மணிக்கு ஹெட்விக்குக்கு நேர்காணல். பழைய சுரங்கப் பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் சிறிய அருங்காட்சியகம் ஒன்றில் உதவியாளர் வேலை. அவள் போட்ட ஐம்பத்தேழாவது விண்ணப்பம்; அவளை நேரில் வரச்சொன்ன முதல் விண்ணப்பம். போல்ஹெமின் பூட்டுகளைப் பற்றித்தான் அவள் ஆய்வேடே எழுதியிருந்தாள். இவ்வேலைக்கு இவளைவிடப் பொருத்தமானவள் அம்மாவட்டத்தில் இல்லை. இருந்தது ஒரேயொரு வெள்ளைச் சட்டை. அதை அணிந்து கண்ணாடிமுன் நின்று, தோரணை பார்த்தபடியே, இறைச்சி உருண்டையும் பீட்ரூட் மசியலும் வைத்த ரொட்டியை உண்டாள். விதி அவள் வாயருகே காத்திருந்தது. மசியலின் ஒரு கவளம் நழுவி, மார்பின் இடப்புறத்தே, வேல் பாய்ந்த வீரனின் விழுப்புண்போல் செங்கருநிறத்தில் மலர்ந்தது.

குழாயடியில் தேய்த்தாள். விரலளவுப் புண் கையகலக் கடலாயிற்று. கறை என்றால் வெறும் கறைதானே, என்பீர்கள். படித்த வீட்டில் பிறந்தவன் கறைச் சட்டையோடு போய் உட்கார்ந்தால் அவன் சிந்தனையில் ஆழ்ந்தவன். லாரி ஓட்டியின் மகள் போய் உட்கார்ந்தால் அழுக்கு. மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர்கள் இதை வாயால் சொல்லமாட்டார்கள், அவர்கள் நாகரிகமானவர்கள், மின்னஞ்சலில் வேறு காரணம் எழுதுவார்கள். அண்டை வீட்டுக் கதவைத் தட்டிச் சட்டை இரவல் கேட்கலாமே என்றால், அக்கட்டடத்தில் வீடு தீப்பற்றினால்கூட முதலில் உங்களுக்கு இது தோதான நேரமா என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் தட்டுவார்கள். ஆகவே அறுபது பாகை வெந்நீரில் பேரியந்திரத்துள் இட்டு வெளுப்பதன்றி வேறு வழியில்லை. பலகைமுன் போய் நின்றாள். ஞாயிறு, இருபத்தொன்பதாம் நிரை. நான்கு துளையிலும் நான்கு பூட்டு. அவளுடைய உரிமையோ செவ்வாய்க்கிழமை மாலை, முப்பத்தொன்றில், குளிர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அதே சனிக்கிழமை மாலை, அதே கட்டடத்தின் முதல் மாடியில், ஊழ் இன்னொரு வேலையும் பார்த்தது. அன்றிரவு கோடை நேரம் பிறக்கிறது. பகல் நீளும் கோடைக்காக நாடெங்கும் கடிகாரங்களை ஒரு மணி முன்னுக்குத் தள்ள வேண்டும். முன்னுக்கா பின்னுக்கா என்ற ஐயம் அம்மக்களுக்கு எழுவதில்லை. பால்குடிக் குழந்தைக்கும் தெரிந்த மந்திரம் ஒன்று அங்கே உண்டு. வசந்தத்தில் தோட்டத்து நாற்காலியை முன்னே கொண்டுபோய் வை, கடிகாரத்தையும் முன்னே வை. குளிர் வந்தால் நாற்காலியைப் பின்னே எடுத்துவா, கடிகாரத்தையும் பின்னே எடு. ஸ்டூரே மந்திரத்தை வழுவாதவர். ஆனால் மார்ச் நடுவில் மூன்று நாள் பொய்வெயில் அடித்தது. அவசரப்பட்டு மாடத்தில் இரண்டு நாற்காலியும் ஒரு மேசையும் போட்டுவிட்டார். சனிக்கிழமை மாலையில் முழங்கால் அளவு பனி கொட்டியது. முணுமுணுத்துக்கொண்டே நாற்காலிகளைத் தோளிலேற்றி உள்ளே கொண்டுவந்தார். நாற்காலி உள்ளே வந்தால் கை என்ன செய்யும்? நாற்பதாண்டுப் பழக்கம் அக்கையை ஆட்கொண்டது. சமையலறைக் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பினார். படுக்கையறைக் கடிகாரத்தைத் திருப்பினார். மனைவி பிர்கிட்டின் பழைய பொத்தான் கைப்பேசியிலும் திருப்பினார். பின் அடித்தளம் இறங்கி, முக்காலியிட்டு ஏறி, சலவையறைக் கடிகாரத்தையும் ஒரு மணி பின்னுக்குத் திருப்பிவிட்டு, கடமை முடித்த நிறைவோடு போய் உறங்கினார். முன்னுக்குப் போகவேண்டியது பின்னுக்குப் போனதால், ஞாயிறு விடிந்தபோது உலகத்துக்கும் ஸ்டூரேக்கும் இடையே இரண்டு மணி நேரம் பள்ளமாய்க் கிடந்தது.

கோட்டையை முற்றுவோர் உழிஞை சூட வேண்டும் என்பது புறத்திணை. ஃபாலூனில் மார்ச் மாதத்தில் பூவுக்கு எங்கே போவது? ஹெட்விக் கலைந்த கூந்தலை அள்ளி முடிந்து, துணிக்கவ்வி ஒன்றை எடுத்து அதில் செருகினாள். கூடையில் சட்டையை இட்டாள். மூன்று வாரத்துக் காலுறைகளையும் துணைப்படையாய்ச் சேர்த்தாள். ஒன்பதே முக்காலுக்குச் சலவையறை வாயிலில் பாசறை அமைத்தாள்.

ஏழு மணித் துளைக்கு உரிய ஆறாம் வீட்டுச் செவிலி அமினா, தன் கைப்பேசியின் பத்து மணிக்குத் தன் பூட்டைக் கழற்றிக்கொண்டு, துணிமூட்டையை இடுப்பில் ஏற்றியபடி வெளியே வந்தாள். பத்தாகியும் ஸ்டூரேயைக் காணவில்லை என்பதைக் கண்டு படியை ஒருமுறை, ஹெட்விக்கை ஒருமுறை பார்த்தாள்.

"இன்னும் வரலியா? உசுரோட இருக்காரான்னு யாராச்சும் பாத்தீங்களா?"

"அரை மணி வரைக்கும் இருக்கட்டும்," என்றாள் ஹெட்விக்.

அமினா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். ஹெட்விக் உள்ளே நோக்கினாள். சுவர்க் கடிகாரம் எட்டு மணி என்றது. அவள் கைப்பேசியோ பத்து என்றது. மின்கலம் தீர்ந்திருக்கும் என்று அலட்சியமாய் எண்ணினாள். கண்ணாடிச் சட்டத்துள்ளே பதினோராம் விதி வரியாய்ச் சுருண்டு படுத்திருப்பதை அக்கணத்தில் அவள் நினைக்கவில்லை. பெருவீரர்கள் எப்போதும் இப்படிச் சிறிய இடத்தில்தான் கோட்டை விடுவார்கள்.

பத்தே கால். பத்து இருபது. பத்து இருபத்தொன்பது. படியில் அடியோசை இல்லை. பத்து முப்பதைக் கடந்து முப்பத்தொன்றாயிற்று. எழுந்தாள் நங்கை! மடை உடைந்த வெள்ளமென, தளை அறுத்த களிறென, மேடை கிடைத்த அரசியல்வாதியென உள்ளே பாய்ந்தாள். பேரியந்திரத்தின் வட்டவாய் திறந்தது. சட்டை பாய்ந்தது, காலுறைகள் பாய்ந்தன, சோப்புத்தூள் பொழிந்தது. அறுபது பாகை; கடுங்கறை; ஒரு மணி ஐம்பது நிமிடம். கதவை அறைந்தாள். உள்ளிருந்து 'டக்' என்றொரு சிற்றொலி. ஓட்டம் முடியும்வரை எவர்க்கும் திறவேன் என்று இயந்திரம் தன்னைத்தானே பூட்டிக்கொண்ட ஒலி. போல்ஹெம் பெருமானே, சாவி இல்லாதவளுக்கு நீ அருளிய பூட்டு அது.

பிறர் இத்தருணத்தில் மாடிக்குப் போய்க் காபி குடிப்பார்கள். ஹெட்விக் போகவில்லை. மடித்த துணி வைக்கும் மேசைமேல் ஏறிச் சம்மணமிட்டு, வட்டக் கண்ணாடிக்குள் தன் வருங்காலம் செந்நுரை கக்கிப் புரள்வதை இமைகொட்டாமல் பார்த்திருந்தாள்.

உலகத்துக்குப் பன்னிரண்டு மணி ஆக இரண்டு நிமிடம் இருந்தபோது, படிமேல் அடியோசை எழுந்தது. ஸ்டூரே வந்தார். இஸ்திரி போட்ட மேற்சட்டை, கையில் ஆறு சட்டை இட்ட பிரம்புக் கூடை, விரலில் சாவி. வாயிலில் நின்றார். இயங்கும் இயந்திரத்தைப் பார்த்தார். மேசைமேல் அமர்ந்தவளைப் பார்த்தார். பத்தொன்பதாண்டு அரியணையில் அயலான் காலுறை சுழல்வதைக் கண்ட மன்னவனின் முகம் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது அவர் முகம். அந்நாட்டில் கிழவனுக்கும் குமரிக்கும் ஒரே 'நீ'தான். ஆதலால் போர் சமதரையில் தொடங்கியது.

"இது என்ன?" என்று கேட்டார் ஸ்டூரே.

"துணி."

"என் நேரத்துல."

"உன் நேரம் பத்தரைக்கே செத்துப்போச்சு, ஸ்டூரே. நாலாவது விதி. இப்ப மணி பன்னெண்டு."

ஸ்டூரே கூடையைக் கீழே வைத்தார். வலக்கையை மெல்ல உயர்த்தி, ஆட்காட்டி விரலால், ஓடும் ரயிலை நிறுத்தும் சிக்னல்போல், சுவரைக் காட்டினார். அங்கே மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.

"அந்தக் கடிகாரம் தப்பு," என்றாள் ஹெட்விக்.

"விதி பதினொண்ணு."

"கடிகாரமே தப்பா இருந்தா?"

"தப்பா இருக்காது. நான் வெக்கிற கடிகாரம்."

கேட்டீரா அந்த இடியோசையை! ஹெட்விக் கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தாள். இறுதி என்றிருந்தது. எழுத்தும் அவருடையது, கடிகாரமும் அவருடையது, முக்காலியும் அவருடையது. உலகமே பன்னிரண்டு என்றாலும் இந்த நான்கு சுவருக்குள் பத்து. பத்து என்றால் ஸ்டூரே. பிள்ளைப் பருவம் முதல் அவள் மோதிய சுவர்களெல்லாம் இப்படித்தான் இருந்தன. சட்டம் எழுதியவன் வீட்டிலேயே கடிகாரமும் இருக்கும்.

பெருந்தன்மையோடு ஸ்டூரே தீர்ப்பளித்தார். "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. எடுத்துக்கிட்டு கெளம்பு, பொண்ணே."

"கதவு பூட்டியிருக்கு. இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் ஓடணும்."

அவர் மின்பெட்டியை நோக்கி நடந்தார். மெயின் சுவிட்சை நோக்கி அக்கை நீண்டது. சட்டை பாதிக் கறையோடு, பாதி நுரையோடு, திங்கட்கிழமையின் பிணமாய் வெளியே விழப்போகும் கணம் அது. மேசையிலிருந்து குதித்தாள் ஹெட்விக். சுவிட்சுக்கும் கைக்கும் நடுவே, நொச்சி மறவர் மதிலைக் காத்தாற்போல், முதுகை மின்பெட்டியில் சாய்த்து நின்றாள். கரண்டை நிறுத்தினால் கதவு திறவாது என்றும், வயிறு நிறைய வெந்நீரோடு பூட்டிக்கொண்டு நிற்கும் என்றும், பழுதுபார்ப்பவன் செவ்வாய்க்கிழமைதான் வருவான் என்றும், அதன்பின் உன் ஆறு சட்டையும் துவைக்க முடியாது என்றும் மூச்சுவிடாமல் முழங்கினாள். ஸ்டூரே பொறியாளர், அது உண்மையென்று அறிவார். நீண்ட கை அந்தரத்தில் நின்றது. ஆயினும் தூணியில் கடைசி அம்பொன்று மிச்சமிருந்தது.

"உனக்குப் பூட்டே கெடையாது," என்றார், மிகவும் தாழ்ந்த குரலில். "பூட்டு இல்லாதவங்க நேரத்தப் பத்திப் பேசக் கூடாது."

அது தைத்தது. ஹெட்விக்கின் காது சிவந்தது. தன் பூட்டு முப்பத்தொன்றில் தொங்குகிறது, சாவி நார்வேயில் இருக்கிறது என்று சொல்ல எண்ணி, சொன்னால் சிரிப்பு வருமென்று விட்டாள். மாறாக அவள் வாயிலிருந்து புறப்பட்டது ஒரு பேருரை. அதை முழுதும் பாட ஆயிரம் நாக்கு வேண்டும். இந்நாட்டில் பூட்டென்றும் கடிகாரமென்றும் தலைமேல் தூக்கிக் கொண்டாடுகிறீர்களே, அவற்றைச் செய்தவன் தகப்பனில்லாத பண்ணையாள் என்று தொடங்கினாள். அவன் உப்சாலா வாயிலில் போய் நின்றபோது உன் பூட்டு எங்கே என்று யாராவது கேட்டிருந்தால் பேராலயத்துக் கடிகாரம் இன்றும் செத்தே கிடந்திருக்கும் என்றாள். சாவிக்குத் திறப்பதுதான் பூட்டின் வேலை, ஆளைப் பார்த்துத் திறப்பது காவல்நாயின் வேலை என்றாள். ஆய்வேட்டின் மூன்றாம் இயல் முழுவதும் வந்தது. அடிக்குறிப்புகளும் வந்தன. ஸ்டூரே குறுக்கிடவில்லை, பூட்டைப் பற்றி விவரமாய்ப் பேசும் எவரையும் அவரால் குறுக்கிட முடியாது. ஒரு கட்டத்தில் தகடுகளின் எண்ணிக்கை பற்றி ஐயம் கேட்கவும் வாய் திறந்தார். ஆனால் தருணம் அதுவன்று என்று மூடிக்கொண்டார். சுவரில் மணி பத்து அடித்துவிட்டிருந்தது. சட்டப்படி அவர் வென்றிருந்தார்.

அப்போது படிமேல் இரண்டாவது அடியோசை எழுந்தது. வந்தவள் பிர்கிட், ஸ்டூரேயின் மனைவி, ஆலயப் பாடகர் குழுவில் முப்பதாண்டாய்த் தாழ்குரல் பாடுபவள். நீலப் பாடற்சீருடைமேல் பனிக்கோட்டு. கையில் பொத்தான் கைப்பேசி. முகத்தில் ஏழு கடலும் கொந்தளித்தன.

"ஸ்டூரே," என்றாள். "கெர்ட்ரூட் போன் பண்ணா. ஆராதனை முடிஞ்சிருச்சாம். எல்லாரும் காபி குடிச்சிக்கிட்டிருக்காங்களாம். நான் எங்க செத்தேன்னு கேட்டா."

ஸ்டூரே திகைத்து, ஆராதனை பதினொன்றுக்கல்லவா, மணி இப்போது பத்துதானே என்றார்.

"நம்ம வீட்டுல பத்து. ஊருக்கெல்லாம் பன்னெண்டு." பிர்கிட் இரண்டு படி இறங்கினாள். "நேத்து அந்த நாற்காலிங்கள உள்ள தூக்கிட்டு வந்தியே. அப்புறம் கடிகாரத்த எந்தப் பக்கம் திருப்புன?"

பேரியந்திரம் புரண்டுகொண்டிருந்தது. ஸ்டூரேயின் வலக்கை தானாய் எழுந்து, காற்றில் ஒரு முள்ளைப் பிடித்து, நேற்றைய திசையில் சுழன்று பார்த்தது. நடுவில் நின்றது.

"இந்தக் கடிகாரம்தான் சரின்னா," என்றாள் பிர்கிட், "என்கூட சர்ச்சுக்கு வா. வந்து அவங்ககிட்ட நீயே சொல்லு, இன்னும் பத்துதான் ஆகுதுன்னு."

இதுவரை நீங்கள் பார்த்தது பூசல். இனிப் பார்ப்பதுதான் போர்; அது ஸ்டூரேயின் நெஞ்சுக்குள் நடந்தது. பதினோராம் விதி இன்னும் அவர் பக்கமே. கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றால் போதும். இவ்வறையில் பத்து பத்தாகவே இருக்கும். ஞாயிறு அவருடையதாகவே இருக்கும். மாற்றும் அதிகாரம் வேறெவர்க்கும் இல்லை. ஆனால் அதோ அந்தச் சுவரில், அவர் கண்ணெதிரே, அவர் கையால் வைத்த கடிகாரம் ஒன்று தவறான நேரம் காட்டிக்கொண்டிருக்கிறது. நாற்பத்தோராண்டு, பனியிலும் இருளிலும், ஒரு நொடி பிசகினால் ஒரு வண்டிமேல் ஒரு வண்டி என்று வாழ்ந்த ஆள். பிறர் நேரத்தைப் பறிப்பது அவருக்குப் பொறுக்கும், பத்தொன்பதாண்டு பொறுத்தது. தவறான நேரம் பொறுக்கவே பொறுக்காது.

முக்காலியை இழுத்தார். ஏறினார். கடிகாரத்தின் வட்டக் கண்ணாடியை நீக்கி, பெரிய முள்ளில் விரல் வைத்துத் தள்ளினார். பத்தே கால் கடந்தது. முள் பத்தரையை எட்டியபோது விரல் ஒருகணம் தயங்கியது. அம்முள்ளின் அடியில் அவருடைய ஞாயிற்றுக்கிழமை கிடந்தது. விரல் தள்ளியது. பத்தரை நசுங்கிற்று. பதினொன்று, பதினொன்றரை, பன்னிரண்டு, பன்னிரண்டு நான்கு. தன் கையாலேயே தன் கொடியை இறக்கிய மன்னவன் முக்காலியிலிருந்து இறங்கி, பலகைக்குப் போய், இருபத்தொன்பதின் பத்து மணித் துளையில் தொங்கிய பூட்டைத் திறந்து, அடுத்த ஞாயிற்றின் துளையை ஒரு பார்வை பார்த்து, பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"போகும்போது பஞ்சு வடிகட்டியச் சுத்தம் பண்ணிட்டுப் போ," என்றார்.

"நான் எப்பவும் பண்றதுதான்," என்றாள் ஹெட்விக்.

பிர்கிட் முன்னே போக, பிரம்புக் கூடையோடு ஸ்டூரே பின்னே போனார். அடுத்த ஞாயிறு பத்து மணித் துளை, பத்தொன்பதாண்டில் முதல் முறையாக, வெறுமனே வாய் பிளந்து கிடந்தது. ஹெட்விக் அதன்முன் சற்று நின்றாள். செருகுவதற்குத்தான் அவளிடம் ஒன்றும் இல்லை.

ஆயினும் வாகை அவளுடையது! முழங்குக முரசம்! வெந்நீர்க் குழாய்கள் வெற்றிச்சங்கம் ஊதுக! விதியின் பதினொரு தலையையும் உலகத்தின் நேரத்தால் அறுத்தவள், சாவியின்றிக் கோட்டை கொண்டவள், லாரி ஓட்டியின் குலக்கொழுந்து, போல்ஹெம் பெருமானின் பட்டறைப் பேத்தி, இதோ பேரியந்திரத்தின் முன் மண்டியிடுகிறாள்! இதோ சுழற்சி தணிகிறது! இதோ நுரைக்கடல் வற்றுகிறது! பன்னிரண்டு இருபத்துமூன்றுக்கு, யார் எவரென்று கேளாத அந்த நேர்மையான பூட்டு 'டக்' என்று தன்னை அவிழ்க்கிறது! வட்டவாயில் திறக்க, ஆவி அகிற்புகைபோல் எழ, காலுறைகள் சிதறிய களத்தின் நடுவிலிருந்து, திங்கட்கிழமையின் கொற்றக்கொடியாகிய அந்த வெண்சட்டையை இரு கையாலும் ஏந்தி, விளக்கொளியில் உயர்த்தி, விரித்துப் பார்க்கிறாள்!

கறை போகவில்லை, திங்கட்கிழமை அதன்மேல் ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போனாள்.